கரண்ட் போனால் மீன் தொட்டி மோட்டாரைப் பேட்டரியில் ஓட்டுவது எப்படி?

2 அடித் தொட்டியில் நாலு கோல்ட்ஃபிஷ் வைத்திருக்கிறேன், கரண்ட் போனால் மோட்டாரை ஓட்ட எவ்வளவு பெரிய பேட்டரி வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்டரி அளவு அப்புறம். வீட்டில் ஆள் இல்லாதபோது அது தானாக ஓடுமா, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை முதலில் பாருங்கள். நான் மீனைப் பறிகொடுத்தது அந்த இடத்தில்தான்.

எங்கள் வீடு மதுரை திருநகரில். தொட்டியும் உங்களுடைய அளவுதான், 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். பழைய கம்ப்யூட்டரோடு வந்த யுபிஎஸ் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஏர் மோட்டாரைச் செருகிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் அது கீச் கீச்சென்று கத்தும். "அந்தச் சனியனை நிறுத்தித் தொலைடா" என்று அப்பத்தா திட்டுவார். சத்தம் வரும் ஓட்டையில் நாலு சுற்று செல்லோடேப் ஒட்டினேன்.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று சாயங்காலம் குடும்பத்தோடு தல்லாகுளம் அத்தை வீட்டுக்குப் போய்விட்டோம். ராத்திரி அங்கேயே தங்கி, விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்து, பந்தல் பந்தலாக மோர் குடித்து, வீடு திரும்பும்போது மணி 1. கதவைத் திறந்தால் யுபிஎஸ் கத்தவில்லை, மோட்டார் சத்தமும் இல்லை. காலையில் 5 மணிக்கே கரண்ட் போய்விட்டதாம், எதிர்வீட்டு அக்கா சொன்னார். மூன்று கோல்ட்ஃபிஷ் மிதந்தன. ஒன்று மட்டும் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதே தொட்டியில் இருந்த இரண்டு கௌராமி எதுவுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

கௌராமி பிழைத்ததில் அதிசயம் இல்லை. கௌராமி, ஃபைட்டர் போன்றவற்றுக்குச் செவுள் போக, மேலே வந்து காற்றை நேரடியாக இழுத்துக்கொள்ளத் தனி உறுப்பு உண்டு. கோல்ட்ஃபிஷ்ஷுக்கு அது கிடையாது. போதாததற்கு நம் ஊர் வெயில். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏறினால் மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் தொட்டித் தண்ணீரில் கை விட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். குளிர் ஊர்க்காரர்கள் எழுதிவைத்த "8 மணி நேரம் தாங்கும்" கணக்கையெல்லாம் இங்கே நம்பாதீர்கள்.

யுபிஎஸ் ஏன் கைவிட்டது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உள்ளே இருந்தது 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரி. பெருக்கினால் 84 வாட் ஹவர், அதாவது 84 வாட் சுமையை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. ஏர் மோட்டார் தின்பதோ 5 வாட். அப்படியானால் 16 மணி நேரம் ஓட வேண்டாமா? ஓடாது. 12 வோல்ட்டை 230 ஆக்கும் வேலைக்கே யுபிஎஸ் 15, 20 வாட் எடுத்துக்கொள்ளும். சுமை சின்னதாக இருந்தாலும் இந்தச் செலவு குறையாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பேட்டரியும் பழசு. இரண்டு மணி நேரம் ஓடியிருந்தால் அதிகம்.

அதனால் முதல் முடிவு: ஃபில்டர் மோட்டாரை, லைட்டை எல்லாம் பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். மேலே மாட்டும் டாப் ஃபில்டர் ஏர் மோட்டாரைவிட நிறைய இழுக்கும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு மீனுக்கு வேண்டியது காற்று மட்டும். ஏர் டியூப் முனையில் மாட்டும் ஏர் ஸ்டோன் ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, ஃபேன் லைட் ஓடும் இன்வெர்ட்டர் லைனிலிருந்து தொட்டிப் பக்கம் ஒரு பிளக் பாயின்ட் இழுக்கச் சொல்லுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட், அதே கரண்டில் 15 ஏர் மோட்டார் ஓடும். இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் மோட்டார் கொர்ரென்று இரையும், கொஞ்சம் சூடாகும். சைன் வேவ் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

இன்வெர்ட்டர் இல்லையென்றால், வைஃபை ரூட்டருக்கு வைக்கிறோமே, அந்த மினி யுபிஎஸ் நல்ல வழி. 5 வோல்ட் யுஎஸ்பி அவுட்புட் உள்ளதாகப் பார்த்து வாங்கி, 2 வாட் யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றை அதில் நிரந்தரமாகச் செருகிவிடுங்கள். கரண்ட் இருந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். பெட்டியில் 10,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு, 37 வாட் ஹவர். வழியில் விரயமாவது போக 30 என்று வைத்தாலும் 15 மணி நேரம் வரும். பவர் பேங்க் வேண்டாம். இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால், போன் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்க் தானே அணைந்துவிடும். மீன் கடையில் உள்ளேயே பேட்டரி வைத்த ஏசி டிசி ஏர் பம்ப்பும் கிடைக்கும், அதுவும் தானாக மாறிக்கொள்ளும்.

நான் செய்துவைத்திருப்பது வேறு. கையில் சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கம் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் புது 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, அதற்கான ஆட்டோமேட்டிக் சார்ஜர், 12 வோல்ட் ரிலே (காயிலுக்குக் கரண்ட் வருவதையும் போவதையும் பார்த்துத் தானே மாறும் ஸ்விட்ச்), 2 ஆம்பியர் ஃபியூஸ், காரில் போன் சார்ஜ் போடும் சாக்கெட், அதற்கான யுஎஸ்பி சார்ஜர் எல்லாம் வாங்கி வந்தேன். வீட்டில் கிடந்த ஒரு 12 வோல்ட் அடாப்டரைச் சுவரில் செருகி ரிலேயின் காயிலுக்குக் கொடுத்தேன். கரண்ட் இருக்கும்வரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும். போனதும் டக்கென்று விடும், விட்டதும் பேட்டரியிலிருந்து கார் சாக்கெட்டுக்கு இணைப்பு விழும், யுஎஸ்பி பம்ப் ஓடத் தொடங்கும். 230 வோல்ட் ஒயர் எதையும் நான் வெட்டவில்லை. தண்ணீர்ப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். ஃபியூஸைப் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே வைக்க வேண்டும். 7 ஏஹெச் சின்னதுதானே என்று விட்டால், ஷார்ட் ஆகும்போது ஒயர் உருகி நாறும்.

லெட் ஆசிட் பேட்டரியைச் சுத்தமாக வழித்தெடுத்தால் ஆயுள் குறையும், அதனால் பாதியைத்தான் கணக்கில் எடுக்கிறேன். 42 வாட் ஹவர். பம்ப்பும் கார் சார்ஜரும் சேர்ந்து இரண்டரை வாட். 16 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தும் நாளையும் தாண்டிவிடும்.

சார்ஜர் எப்போதும் செருகியே இருப்பதால், அது 13.6 லிருந்து 13.8 வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் விடாமல் ஏற்றினால் பேட்டரி உப்பிப்போகும்.

ஏர் டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து நின்றுவிட்டால், டியூப் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கிப் பம்ப்பைக் கெடுக்கும், தரையையும் நனைக்கும். ஒரு தடவை எங்கள் வீட்டு ஸ்விட்ச் பாக்ஸ் வரை வந்தது.

கரண்ட் இல்லாதபோது தீனி போடாதீர்கள், மூடியைத் திறந்து வையுங்கள். எல்லாம் கைவிட்டால் டீ மாஸ்டர் டீ ஆற்றுவதுபோல் செம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். 2012ல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாத நாட்களில் அம்மாவும் நானும் முறை வைத்து அப்படித்தான் ஆற்றினோம். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஆன் செய்ய வேண்டாம். உள்ளே நல்ல பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்து அழுகிய தண்ணீர் நிற்கும், அது முழுக்கத் தொட்டிக்குள் வரும். திறந்து கொட்டிவிட்டு, ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போட்டு ஓட்டுங்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடாப்டர், சார்ஜர் இரண்டையும் பிடுங்கிவிட்டு, காலை முதல் சாயங்காலம் வரை குமிழி நிற்காமல் வருகிறதா என்று பார்க்கிறேன். பேட்டரியின் மேல் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறேன். முதல் பேட்டரி இரண்டரை வருஷத்தில் 4 மணி நேரத்துக்கு இறங்கியதை அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கண்டுபிடித்தேன், மறுநாளே மாற்றிவிட்டேன். அன்றைக்குத் தப்பிய அந்த ஒற்றைக் கோல்ட்ஃபிஷ் இப்போது உள்ளங்கை நீளம் இருக்கிறது.