எங்கே போய்ச் சொல்வது? சேலம் வாசகியரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தர்மபுரியில் கணவர் வீட்டில் அடி தாங்க முடியாமல், சேலத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உதவி மையத்தின் எண்ணை இணையத்தில் தேடினால் ஒன்று உபயோகத்தில் இல்லை. இன்னொன்றை யாரும் எடுப்பதில்லை. மேலும், புகாரைத் தர்மபுரியில்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: நீங்கள் தேடிய விதத்தில் குறையில்லை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் ஒரே மையத்தை ஒருவர் ‘ஒருங்கிணைந்த சேவை மையம்’ என்பார், மற்றொருவர் ‘சகி’ என்பார். அதிகாரி மாறினால் கைபேசி எண்ணும் மாறிவிடும், ஆனால் பழைய பட்டியல் இணையத்தில் அப்படியே கிடக்கும். அடிபட்டு வந்த பெண்ணை இப்படி அலையவிடுவது பெரிய அநியாயம். ஆகவே பட்டியல்களை விட்டுவிட்டு, பெண்களுக்கான, மாறாத உதவி எண்ணான 181ஐ அழையுங்கள்; கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் பேசலாம். சேலம் மையத்தின் இப்போதைய முகவரியையும், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரில் செல்வதானால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள்.

தர்மபுரிக்குத்தான் போக வேண்டும் என்பது தவறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். கணவர் நெருங்கக் கூடாது என்ற தடை, குடியிருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் வைத்திருத்தல் ஆகிய அனைத்தையும் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். பாதுகாப்பு அலுவலர் உங்களிடம் கேட்டு, நடந்தவற்றை அறிக்கையாக எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். தேதிகளை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் பேசும்போது தடுமாற்றம் இருக்காது.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் என்னுடன் வேலை செய்யும் பெண்ணை அவள் கணவன் அடிக்கிறான். அவள் வெளியே சொல்லப் பயப்படுகிறாள். நான் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, தகவல் அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குத் தொடர முடியாது. ஆனால், உயிருக்கு ஆபத்தான நேரம் தவிர, அவளைக் கேட்காமல் செய்யாதீர்கள், ஏனென்றால் அன்றிரவு அந்த வீட்டில் இருக்கப்போவது அவள்தான். ஆபத்தான நேரத்தில் யோசிக்காமல் அவசர உதவி எண்ணான 112ஐ அழையுங்கள்.

மலையில் ஒருவர் மலையிறங்கிப் போனாலே ஊருக்குத் தெரிந்துவிடும். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பேசினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்றே பெரும்பாலும் சொல்வார்கள்; அடித்தது யார், எதனால் அடித்தார் என்று டாக்டரிடம் சொல்லி, அது பதிவானதா என்று பார்த்து, அந்தச் சீட்டை உங்களிடம் வைத்திருங்கள். பின்னாளில் வழக்குக்கு அதுவே வலுவான சான்றாக நிற்கும்.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கணவர் என் போனைத் தினமும் சோதிப்பார். 181ஐ எப்படி அழைப்பது?

பதில்: பட்டறையில் நம்பிக்கையான ஒருவரின் போனிலிருந்து அழையுங்கள். உங்கள் போன்தான் வழி என்றால், பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை மட்டும் நீக்குங்கள். எல்லாவற்றையும் அழித்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். அவர்கள் திருப்பி அழைப்பதாகச் சொன்னால், எந்த நேரம் பாதுகாப்பானது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வக்கீலுக்குப் பணமில்லை.

பதில்: தேவையில்லை. பெண் என்றாலே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. 15100ஐ அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: பிள்ளைகளோடு கிளம்பினால் இரவு எங்கே தங்குவது?

பதில்: ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாட்கள் தங்கலாம், அதற்கு மேல் தேவைப்பட்டால் விடுதிக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள். உடன் வரும் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு என்பதால், 181இல் பேசும்போதே மகனின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் கைக்கு எட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால் அவற்றுக்காக அந்த வீட்டுக்குள் தனியே திரும்பிப் போகாதீர்கள்.