எடிட்டரின் பெயர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு நாவலைப் படித்து முடித்த கையோடு அதன் முன்பக்கங்களைப் புரட்டினேன். அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, எடிட்டர் பெயர் மட்டும் இல்லை. சினிமாவில் கார் ஓட்டியவர் பெயர்வரை திரையில் ஓடுகிறது. எடிட்டர்களும், எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசும் ஏஜென்ட்களும் மட்டும் ஏன் மறைந்தே இருக்கிறார்கள்? இது பதிப்பகங்களின் சுரண்டல்தானே?

கே.

அன்புள்ள கே.,

சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. ஒதுங்கி நிற்பதையே தொழில் தர்மமாக நினைக்கும் எடிட்டர்கள் பலர்.

1935இல் அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் வுல்ஃப் தன் இரண்டாவது நாவலைத் தன் எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்குச் சமர்ப்பணம் செய்தார். மலைபோலக் குவிந்த கைப்பிரதியை இருவருமாக உட்கார்ந்து நாவலாக்கிய கதையை அடுத்த வருடம் மனம்திறந்து எழுதவும் செய்தார். பெர்னார்ட் டிவோட்டோ என்ற விமர்சகர் அதையே பிடித்துக்கொண்டார். இந்த நாவலுக்கு உருவம் கொடுத்தது பெர்கின்ஸும் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகமும்தான் என்று போட்டுத் தாக்கினார். வுல்ஃபுக்கு அது ஆறவே இல்லை. 1937இல் அந்தப் பதிப்பகத்தை விட்டே போய்விட்டார் (வேறு மனத்தாங்கல்களும் இருந்தன). பெர்கின்ஸோ, எடிட்டர் நூலில் எதையும் சேர்ப்பதில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

என் முதல் நாவலின் முன்னுரையில், முதல் அத்தியாயத்தைத் தூக்கச் சொன்னதே எடிட்டர்தான் என்று நன்றியோடு எழுதியிருந்தேன். படித்த நண்பர் கேட்டார்: “அப்போ இதுல நீ எழுதினது எவ்வளவு?” சிரித்துச் சமாளித்தேன். இன்னும் உறுத்துகிறது.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. கைப்பிரதியைத் தேர்ந்தெடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், திருத்தியவர் இன்னொருவர், மெய்ப்பு பார்த்தவர் மூன்றாமவர். எழுத்தாளர் பிடிவாதமாக விடாமல் வைத்துக்கொண்ட ஐம்பது பக்கங்களுக்கும் எடிட்டர்தான் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

ஏஜென்ட் விஷயம் வேறு. ஆங்கிலப் பதிப்புலகில் அவருக்கு வழக்கமாக 15 சதவீதம் கமிஷன். வாசகருக்குத் தெரியாவிட்டாலும் தொழிலுக்குள் அவரைத் தெரியும். ஏஜென்ட் தேடும் புது எழுத்தாளர்கள் நன்றியுரைப் பக்கத்தில்தான் பெயர் பொறுக்குகிறார்கள்.

அப்படியானால் நன்றியுரையே போதுமா? போதாது. அது எழுத்தாளரின் தயவு. அட்டை வடிவமைத்தவருக்குக் கீழே, அதே சின்ன எழுத்தில், எடிட்டர் இன்னார் என்று ஒரு வரி போதும். வேண்டாம் என்பவர் மறுத்துக்கொள்ளட்டும். அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பில் சில கதைகளை அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டியிருந்தார். அது பரவலாகத் தெரியவந்தது 1998இல். ஒரு வரி இருந்திருந்தால் எவ்வளவு வெட்டினார் என்று தெரிந்திருக்காது, சரி. யாரைக் கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

என் அடுத்த நாவலில் அந்த வரியைப் போடச் சொல்லியிருக்கிறேன். பதிப்பாளர் சம்மதித்துவிட்டார். எடிட்டர்தான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.