கார்டு பாக்கியும் கர்நாடகப் போர்களும்

கேள்வி: வயது 34, கோவையில் வேலை. பிடித்தம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. போர் வரலாறு, மேசைமேல் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு, இரண்டிலும் பைத்தியம். நெப்போலியன், இரண்டாம் உலகப் போர், தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்கள் என்று மாதம் 6,000 ரூபாய்க்குப் புத்தகம் வாங்குகிறேன், எல்லாம் கிரெடிட் கார்டில். இப்போது 48,000 பாக்கி. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறேன். எஃப்.டி.யில் 1,50,000 இருக்கிறது. அச்சில் இல்லாத புத்தகங்கள் பின்னால் நல்ல விலைக்குப் போகும், இதுவும் முதலீடுதான் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். சரியா?

பதில்: இல்லை, இது செலவு. அச்சில் இல்லாத புத்தகத்தின் விலை, யாராவது மறுபதிப்பு போட்டால் அன்றே இறங்கிவிடும். விளையாட்டு விதிநூல்களுக்கோ புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கேட்க ஆளிருக்காது. ஆனால் ஆசைப்பட்டுச் செய்யும் செலவு தப்பே இல்லை. அதைக் கடனில் செய்வதுதான் தப்பு.

கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 48,000-க்கு மாதம் 1,680 ரூபாய். நல்ல புத்தகம் ஒன்றின் விலை, படிக்காமலே போகிறது. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எஃப்.டி. ஏழு சதவீதம் தந்தாலும் அது ஆண்டுக்கு. கார்டு வாங்குவது ஆண்டுக்கு 42. அதனால் இந்த வாரமே எஃப்.டி.யிலிருந்து 48,000 எடுத்துப் பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். முழு எஃப்.டி.யையும் உடைக்காமல் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். அவசரத்துக்கு 1,02,000 மிச்சம் இருக்கும்.

அப்புறம் அந்த 6,000-ஐப் பிரியுங்கள். 4,000 ஆர்.டி.யில் போகட்டும், பன்னிரண்டு மாதத்தில் எடுத்த பணம் திரும்பிவிடும். மீதி 2,000 புத்தகத்துக்கு, தனிக் கணக்கில். வாங்காத மாதம் அது சேர்ந்துகொண்டே வரட்டும். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கையில் காசோடு போவது தனி சுகம், பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு.

2,000-இல் நூலகம் சேருமா என்றால், மூன்று போர்களுக்குச் சேராது, ஒன்றுக்குச் சேரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கர்நாடகப் போர்களை எடுப்பேன். அடிப்படை நூலே இலவசம்: கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த ராபர்ட் ஓர்ம் எழுதிய இந்தப் போர்களின் வரலாறு 1763-இல் வெளிவரத் தொடங்கியது, ஸ்கேன் பிரதி இணையத்தில் கிடைக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் பக்கம் ஓர்ம், பிரெஞ்சுக்காரர் பக்கத்திலிருந்து பிள்ளை. இருவரையும் எதிரெதிரே வைத்துப் படிக்கும் வாய்ப்பு லேசில் அமையாது. 1760-இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிய வந்தவாசிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய் நிற்கலாம். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவுக்கு விமான டிக்கெட் வேண்டும்.

விளையாட்டுக்கும் அப்படித்தான். ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய சிறிய விதிநூல் இலவசம். அதை ஆடிப் பாருங்கள். வந்தவாசியை மேசையில் நடத்த அதில் எது போதவில்லை என்று தெரிந்தபிறகு, அந்தக் குறையைத் தீர்க்கும் விதிநூலை மட்டும் வாங்குங்கள்.

நெப்போலியன் நூல்களில் ஒருமுறைகூடப் பிரிக்காதவை இருந்தால் விற்றுவிடுங்கள். பழைய புத்தகக் கடையைவிட இதே ஆர்வமுள்ளவர் கூடுதலாகக் கொடுப்பார். அந்தப் பணமும் புத்தகக் கணக்குக்கே போகட்டும்.