அரை ஒன்பது மணிக்குப் பேருந்து

அன்புள்ள ஐயா,

1995 வாக்கில் இரண்டு ஆண்டுகள் ஜெர்மன் படித்தேன். இன்றைய கணக்கில் பி1, அதாவது நடுத்தர நிலை என்று சொல்லலாம். அதன் பிறகு தொடவே இல்லை. இப்போது மகள் லைப்சிக் நகரில் மேற்படிப்பு படிக்கிறாள். இன்னும் பத்து வாரங்களில் அங்கே போய் ஒரு மாதம் தங்கப்போகிறேன். பகலெல்லாம் அவள் ஆய்வகத்தில் இருப்பாள். நான் தனியாகத்தான் ஊர் சுற்ற வேண்டும். என்னிடம் அந்தக் காலத்துப் பாடநூல் இருக்கிறது. பயணிகளுக்கான உரையாடல் கையேடு ஒன்று வாங்கியிருக்கிறேன். கைபேசியில் ஒரு செயலியை நாற்பது நாட்களாக விடாமல் செய்துவருகிறேன். இணையத்திலோ பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கே.

அன்புள்ள கே.,

கையேட்டைப் பயணப்பையில் வையுங்கள், படிக்கும் மேசையில் வைக்காதீர்கள். உணவுப்பட்டியலையும் அறிவிப்புப் பலகைகளையும் பார்த்துப் பொருள் தெரிந்துகொள்ள அது உதவும். மற்றபடி அது கேள்வி கேட்க மட்டுமே சொல்லிக்கொடுக்கும். வரப்போகும் பதிலுக்கு அது பொறுப்பில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் ஒரு சிற்றூர். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். கேள்வியில் ஒரு குறையும் இல்லை. அறையில் பத்து முறை சொல்லிப் பார்த்த கேள்வி. அவரும் நிதானமாக "ஹால்ப் நொய்ன்" என்றார். ஹால்ப் என்றால் அரை, நொய்ன் என்றால் ஒன்பது. ஒன்பதரை என்று எடுத்துக்கொண்டு சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஜெர்மானியருக்கு அது எட்டரை. ஒன்பதாவது மணியில் பாதி கடந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பாடநூலில் இதைப் படித்திருந்தேன், பயிற்சியில் சரியாகவும் எழுதியிருந்தேன். காதில் விழுந்த நொடியில் தமிழ்தான் முந்திக்கொண்டது. நான்கு கிலோமீட்டர், இருட்டில், பெட்டியோடு நடந்தேன்.

ஆகவே எந்தப் பாடத்தை எடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: பதில் காதில் விழும்படி அது அமைந்திருக்கிறதா? ஒலி இருக்க வேண்டும், அந்த ஒலிக்கு ஒரு சொல்கூடத் தப்பாத எழுத்துவடிவமும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஒதுக்கிவிடுங்கள்.

இந்தக் கணக்கில் தேறுவது டாய்ச்சே வெல்லே ஒலிபரப்பு நிறுவனத்தின் இலவசப் பாடங்கள். நிகோ என்ற இளைஞன் ஜெர்மனிக்கு வந்து இறங்கும் கதையாக ஒரு காணொளித் தொடர் இருக்கிறது. தொடக்கநிலையான ஏ1, அதற்கு அடுத்த ஏ2, பிறகு பி1 என்று மூன்று படிகள். நீங்கள் முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். மறந்தவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. 'என் பெயர் இன்னது' என்ற பாடம் இனிமையாகப் போகும், மூன்று வாரம் தெரிந்ததையே படித்து மகிழ்ந்திருப்போம். ஏ2 நடுவில் எங்காவது நுழையுங்கள். எந்தப் பாடத்தில் முதன்முறையாக மூச்சு வாங்குகிறதோ அங்கே உட்காருங்கள். அந்நிறுவனமே மெதுவாக வாசித்துத் தரும் செய்திகள் உண்டு. அவை வேகத்தில்தான் மெதுவே தவிர மொழியில் கடினமானவை. கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். எழுத்தைப் பார்க்காமல் அரை நிமிடம் கேளுங்கள். காதில் விழுந்ததைக் கையால் எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். எது விட்டுப்போனது என்று பார்த்தால் பெரும்பாலும் கடினச் சொல்லாக இருக்காது. வாக்கியத்தின் கடைசியில் வரும் ஒரு துணுக்காக இருக்கும். "ரயில் இன்று ரத்து" என்பதற்கு ஜெர்மனில் 'ஃபெல்ட்' என்ற வினை முன்னால் வரும், 'அவுஸ்' என்ற அதன் ஒட்டு கடைசியில் வரும். ஃபெல்ட் மட்டும் காதில் விழுந்தால் ரயில் கீழே விழுகிறது என்று பொருள். அவுஸ் வந்த பிறகுதான் அது வரவே போவதில்லை என்று தெரியும். வினைக்காக வாக்கியத்தின் முடிவு வரை பொறுத்திருப்பது தமிழருக்குப் பிறவிப் பழக்கம், அதனால் கவலைப்பட வேண்டாம்.

எண்களுக்கு மட்டும் தனியாக நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாற்பத்தைந்தை அவர்கள் 'ஐந்தும் நாற்பதும்' என்றுதான் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே எழுதினால் 54 என்று கை போய்விடும். நடைமேடை எண், விலை, அறை எண் எல்லாவற்றிலும் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது. தொலைபேசியிலும் அறிவிப்புகளிலும் இரண்டை 'ட்ஸ்வை' என்று சொல்லாமல் 'ட்ஸ்வோ' என்பார்கள். மூன்றான 'ட்ரை'யோடு குழம்பாமல் இருக்கத்தான். பாடநூல்களில் இது அநேகமாகத் தென்படாது.

இப்போது உங்கள் பழைய பாடநூல். தூக்கிப் போடச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். அதன் ஓரங்களில் உங்கள் கையெழுத்து இருக்குமே! எந்த வேற்றுமையில் தடுமாறினீர்கள் என்று அதைவிட எந்தப் புதுப் புத்தகத்துக்குத் தெரியும்? இலக்கணம் அன்றும் இன்றும் ஒன்றுதான். மூன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அதில் விலையெல்லாம் பழைய ஜெர்மன் நாணயமான மார்க்கில் இருக்கும்; 2002 முதல் புழக்கத்தில் இருப்பது யூரோ. திருமணமாகாத பெண்ணை 'ஃப்ரொய்லைன்' என்று அழைக்கச் சொல்லியிருந்தால் அடித்துவிடுங்கள், இன்று யாரும் அப்படி அழைத்தால் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது, எழுத்துக்கூட்டும் முறை. 1996இல் முடிவாகி 1998இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, குறில் உயிருக்குப் பின் எஸ்ட்செட் (ß) எழுத்து போய் இரட்டை எஸ் வந்துவிட்டது. 'முஸ்', 'ஃப்ளுஸ்' ஆகியவை இப்படி மாறின. நெடில் உள்ள 'ஷ்ட்ராஸே', அதாவது தெரு, மாறவில்லை. தெருப்பெயர்ப் பலகையில் அந்தப் பழைய நண்பரை இன்னும் பார்ப்பீர்கள்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கலைத்துப் போட்ட சொற்களை அடுக்குவது என்பது கண்முன் இருக்கும் சொல்லை அடையாளம் காண்பது மட்டுமே. பேச்சுக்கு வேண்டியது வெறும் காற்றிலிருந்து சொல்லை எடுப்பது. நாற்பது நாள் கணக்கு அறுந்துவிடுமே என்று இருந்தால் பல் துலக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

சொல் அட்டைகள் வேண்டுமென்றால் நீங்கள் தவறவிட்ட வாக்கியங்களுக்கு மட்டும் எழுதுங்கள். தெரிந்த அட்டையைப் பின் அறைக்குத் தள்ளி, தெரியாததை முன்னுக்குக் கொண்டுவரும் பெட்டிமுறையைப் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர். 1972இல், அதுவும் ஜெர்மன் மொழியில் எழுதி! காலணி வந்த அட்டைப்பெட்டியே போதும்.

ஆசிரியர் இல்லை என்ற குறை உங்களுக்கு இல்லை, மகள் இருக்கிறாள். கடைக்காரர் பேச்சைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லிவிடாதீர்கள்; ஒருவர் அந்தரங்கமாகப் பேசுவதை அனுமதியின்றிப் பதிவுசெய்வது அங்கே குற்றம். அவளே தன் குரலில், அன்றாடம் தன்னிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பேசி அனுப்பட்டும். சேர்த்துக் கட்டுகிறீர்களா தனித்தனியாகவா, ரசீது வேண்டுமா, பணமா அட்டையா. நீங்கள் ஜெர்மனிலேயே பதில் சொல்லி அனுப்புங்கள்.

அவள் உங்களை அழைக்கும் நேரத்தையும் ஜெர்மனிலேயே குறிக்கட்டும். லைப்சிக் இருப்பது சாக்ஸனி மாநிலத்தில். அங்கே 'ஹால்ப்' கணக்கை இன்னும் நீட்டிக்கொண்டு போவார்கள். ட்ரைஃபியர்டெல் ஆஹ்ட், அதாவது முக்கால் எட்டு என்றால் ஏழே முக்கால். வெறும் ஃபியர்டெல் ஆஹ்ட் என்று சொன்னால் ஏழேகாலுக்கே கைபேசியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.