ரோமில் மூன்று நாள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இந்தத் தடவை ரோம் போகிறவர்களின் கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை, டூர் கிடைக்கிறது, ஆனால் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

கேள்வி: நான், மனைவி, 9 வயதுப் பையன், 14 வயதுப் பெண். ஞாயிறு மதியம் ரோமில் இறங்கி புதன் காலை கிளம்புகிறோம். கொலோசியத்தின் அதிகாரபூர்வ தளத்தில் எங்கள் தேதிக்கு டிக்கெட் காட்டவே இல்லை. வேறு தளங்களில் 'வரிசையில் நிற்காமல் நுழையலாம்' என்று தலைக்கு 60 யூரோவுக்கு விற்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், முதலில் கணக்கைப் பார்ப்போம். கொலோசியத்தின் சாதாரண டிக்கெட் பெரியவர்களுக்கு 18 யூரோ. அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ரோமன் ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம், இப்போது இடிபாடுகள்) அதையொட்டிய பாலடைன் குன்றும் அடக்கம், 24 மணி நேரம் செல்லும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும், இலவசம் (ஆனால் அந்தப் பூஜ்யம் விலை டிக்கெட்டையும் பெயர் போட்டு எடுத்தே ஆக வேண்டும், வாசலில் போய் 'குழந்தைதானே' என்று சொன்னால் நடக்காது). ஆக உங்கள் குடும்பத்துக்கு நியாயமான செலவு 36 யூரோ. நீங்கள் சொல்லும் டூரில் குழந்தைகளுக்கும் அதே விலை என்றால் 240. நடுவில் இருக்கும் 204 யூரோவுக்கு என்ன தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

'வரிசையில் நிற்காமல்' என்ற வாக்கியத்துக்கு நான் ஒரு காசுகூடத் தர மாட்டேன். கொலோசியத்தில் எல்லா டிக்கெட்டுமே நேரம் குறித்த டிக்கெட்தான், 18 யூரோ கொடுத்தவரும் அந்த நேரத்துக்குப் போனால் டிக்கெட் கவுண்டர் பக்கமே போக வேண்டியதில்லை. நிற்க வேண்டியிருப்பது பாதுகாப்புச் சோதனை வரிசையில், அதை எந்த விலை கொடுத்தாலும் யாரும் தாண்ட முடியாது. வாட்டிகனிலும் இதே கதைதான்.

அடுத்து, விளம்பரத்தில் 'வழிகாட்டியுடன்' என்று இருக்கிறதா, அல்லது 'உதவியாளர் சந்திப்பார்', 'நுழைவுக்கு உதவி' என்ற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் ஒருவர் குறித்த இடத்தில் குடையோ கொடியோ பிடித்துக்கொண்டு நிற்பார், பெயரைச் சரிபார்த்து டிக்கெட்டைக் கையில் கொடுப்பார், வாசல் வரை கூட வருவார், அவ்வளவுதான். உள்ளே நீங்களும் உங்கள் செல்போனில் ஓர் ஆடியோவும். படத்தில் சிரித்துக்கொண்டு கைநீட்டி விளக்குகிற பெண்மணியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, 'என்ன அடக்கம், என்ன அடக்கமில்லை' என்ற பகுதியைத்தான் படிக்க வேண்டும்.

டிக்கெட் ஏன் கிடைப்பதில்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 2025 ஏப்ரலில் இத்தாலியின் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம், கொலோசியம் டிக்கெட் விற்பனையைப் பல வருடம் நடத்திய கூட்டுறவு அமைப்புக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. தானியங்கி மென்பொருள் வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளியது, அதனால் சாதாரண ஆட்கள் அதே டிக்கெட்டை விலை கூடிய டூராக மட்டுமே வாங்க முடிகிற நிலை வந்தது என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். 2023 அக்டோபரிலிருந்தே டிக்கெட்டில் பெயர் வந்துவிட்டது, வாசலில் அடையாள ஆவணம் கேட்பார்கள், எனவே பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரை அடியுங்கள். வாசலைச் சுற்றி 'டிக்கெட் இருக்கிறது' என்று அணுகுகிறவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடங்கள்.

இன்னொன்று, உங்கள் தேதி எப்போது என்று எழுதவில்லையே. சாதாரண டிக்கெட் சுமார் 30 நாளுக்கு முன்னால்தான் விற்பனைக்கே வருகிறது. இரண்டு மாதம் தள்ளியிருக்கும் தேதியைப் பார்த்துவிட்டுத் தீர்ந்துபோச்சு என்று நினைத்து டூர் வாங்குகிறவர்கள் நிறையப் பேர், டூர்க்காரர்களுக்கும் இது வசதிதான். தேதி தள்ளியிருந்தால் காத்திருங்கள். உண்மையிலேயே தீர்ந்திருந்தால், அதே அதிகாரபூர்வ தளத்தில் கொலோசியம் நிர்வாகமே நடத்தும் வழிகாட்டிச் சுற்றுகளைப் பாருங்கள், அவற்றுக்குத் தனி ஒதுக்கீடு. அதுவும் இல்லையென்றால் ஃபோரம், பாலடைன் இரண்டுக்கும் மட்டும் தனி டிக்கெட் உண்டு. கொலோசியத்தை வெளியிலிருந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஃபோரத்துக்குள் போய்விடலாம். அப்படிச் செய்தால் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டீர்கள் என்பது என் கட்சி, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாட்டிகன் மியூசியம் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், அன்றைக்கு இலவசம், ஊரே அங்கேதான் நிற்கும். போர்கேசே கேலரி என்ற கலை மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை. அதனால் ஞாயிறு மாலை பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று என்று நடந்தே பார்த்துவிடுங்கள், எல்லாம் ஒன்றுக்கொன்று சில நிமிட நடை. திங்களும் செவ்வாயும் கொலோசியத்துக்கும் வாட்டிகனுக்கும். இதில் வாட்டிகனைச் செவ்வாய்க்குத் தள்ள முடிந்தால் நல்லது, முந்தின நாள் மூடியிருந்ததாலும் மற்ற மியூசியங்களுக்கு விடுமுறை என்பதாலும் திங்களில் அங்கே நெரிசல் அதிகம். ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம், 9 வயதுப் பையன் மதியத்துக்கு மேல் தரையில் உட்கார்ந்துவிடுவான்.

கேள்வி: எங்கெல்லாம் கைடு கட்டாயம் வேண்டும், எங்கே தேவையில்லை? எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பட்ஜெட் இல்லை.

பதில்: எல்லா இடத்துக்கும் வேண்டவும் வேண்டாம். ஒரே ஓர் இடத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஃபோரத்துக்குச் செலவழியுங்கள். கொலோசியத்தைப் பார்த்ததும் அது என்ன என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். ஃபோரம் அப்படியில்லை, சொல்ல ஆளில்லாவிட்டால் வெயிலில் உடைந்த கற்களுக்கு நடுவே நடக்கிற மாதிரிதான் இருக்கும். உள்ளே அந்தோனினஸ், ஃபௌஸ்தினா கோயில் என்று ஒன்று இருக்கிறது. கி.பி. 141-ல், இறந்துபோன அரசி ஃபௌஸ்தினாவுக்காக எழுப்பியது. முன்னால் ரோமானியத் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் பிற்காலத்து தேவாலயம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தத் தேவாலயத்தின் பச்சை நிற வெண்கலக் கதவை நிமிர்ந்து பாருங்கள், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், படிக்கட்டு எதுவும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். கதவு வைத்த காலத்தில் தரை அந்த உயரத்தில் இருந்தது, நூற்றாண்டுக் கணக்கில் மண்ணும் இடிபாடும் சேர்ந்து கோயிலைப் பாதி மூடியிருந்தது, பிறகு தோண்டி எடுத்தபோது கதவு மேலேயே நின்றுவிட்டது. இதை ஒருவர் கைகாட்டிச் சொன்னால் அதற்கப்புறம் ஃபோரம் முழுக்க வேறு மாதிரித் தெரியும். சொல்லாவிட்டால் அந்தக் கதவைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவோம்.

வாட்டிகன் மியூசியத்துக்கும் கைடு பயன்படும், ஆனால் காரணம் வேறு. இடம் அவ்வளவு பெரிசு, எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரியாமலே கால் ஓய்ந்துவிடும். அங்கேயே இருக்கும் சிஸ்டைன் சேப்பல் என்ற சிற்றாலயத்துக்குள் கைடு பேசக் கூடாது, போட்டோவும் எடுக்கக் கூடாது. அதனால் நல்ல கைடுகள் வெளியே முற்றத்திலேயே படங்களைக் காட்டி விளக்கிவிடுவார்கள். கூரை ஓவியம் மைக்கலேஞ்சலோ 1508-லிருந்து 1512 வரை வரைந்தது, பலிபீடச் சுவரில் இருக்கும் 'கடைசித் தீர்ப்பு' அதற்கு இருபத்து சொச்சம் வருடம் கழித்து ஆரம்பித்தது. இரண்டுக்கும் மனநிலையிலேயே எவ்வளவு வித்தியாசம் என்பதை முன்கூட்டிக் கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. கைடு வேண்டாம் என்றால் நுழைவு 20 யூரோ, ஆன்லைன் முன்பதிவுக்கு 5 யூரோ சேர்த்து 25. வாட்டிகனின் சொந்தத் தள முகவரி '.va' என்ற எழுத்துகளில் முடியும். தேடும்போது மேலே வந்து நிற்கிற விளம்பரங்கள் அப்படி முடியாது, பெயர் மட்டும் அசல் மாதிரியே இருக்கும்.

பாந்தியனுக்கு வேண்டாம். 2023 ஜூலையில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தார்கள், அதைக் கட்டிவிட்டு உள்ளே போய் நடுவில் நின்று நிமிர்ந்து பாருங்கள். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒன்றே, சுமார் 43 மீட்டர். மேலே திறந்த வட்டம் வழியாக மழை உள்ளேயே விழும், தரையில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள். செயிண்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்கு நுழைவே இலவசம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், போப்பின் பொதுச் சந்திப்பு நடக்கும் புதன்கிழமை காலைகளில் போகாதீர்கள், அவ்வளவுதான் விதி.

குழு டூர் எடுக்கிறீர்கள் என்றால் அதிகபட்சம் எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'சிறிய குழு' என்பதற்கு ஆளாளுக்கு ஓர் அளவு.

கேள்வி: ரோமா பாஸ் வாங்கினால் லாபமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 48 மணி நேரப் பாஸில் ஓர் இடம் இலவசம், 72 மணி நேரப் பாஸில் முதல் இரண்டு இடங்கள், மற்றவற்றுக்குச் சலுகை, கூடவே பேருந்தும் மெட்ரோவும். வாட்டிகன் இதில் வராது. பாஸ் இருந்தாலும் கொலோசியத்துக்கு நேரம் தனியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும், இதை மறந்துவிட்டு வாசலில் போய் நிற்கிறவர்கள் உண்டு. 100 நிமிடம் செல்லும் ஒரு பயண டிக்கெட் ஒன்றரை யூரோதான், நகரின் பழைய பகுதியில் பாதி நேரம் நடந்துதான் போவீர்கள், எனவே போக்குவரத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கும் சரிப்படாது. கொலோசியத்தோடு போர்கேசே மாதிரி விலை கூடிய இன்னோர் இடத்தையும் முதல் இரண்டாக வைத்துக்கொண்டு, நிறைய மெட்ரோவும் ஏறுகிறவருக்குச் சரியாக வரலாம். குழந்தைகளுக்கு வாங்கவே வாங்காதீர்கள், அரசு இடங்களில் அவர்களுக்கு ஏற்கெனவே இலவசம்.

போர்கேசே பற்றி ஒரு வார்த்தை. முன்பதிவு கட்டாயம், உள்ளே இரண்டு மணி நேரம்தான், முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். சிற்பி பெர்னினி செதுக்கிய அப்பல்லோ-டாஃப்னே சிலையில், மரமாக மாறும் டாஃப்னேயின் விரல்நுனிகள் இலைகளாக மாறிக்கொண்டிருப்பதைச் சுற்றிச் சுற்றி நின்று பார்க்க அந்த நேரம் போதும்.

கேள்வி: போன மாதம் கொலோசியம் டூருக்கு 10 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம், குழு கிளம்பிவிட்டது. பணம் தர மாட்டோம் என்கிறார்கள். ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று சட்டம் இருக்கிறதே?

பதில்: சட்டம் இருக்கிறது, ஆனால் உங்களுக்குக் கை கொடுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளிலேயே, குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அந்த 14 நாள் உரிமை கிடையாது என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். ஆக விற்றவரின் ரத்து நிபந்தனை எதுவோ அதுதான். தாமதம் உங்கள் பக்கம் என்றால் கெஞ்சிப் பார்க்கலாம், அதற்கு மேல் வழியில்லை. பெயர் போட்ட, நேரம் குறித்த டிக்கெட்டை அவர்களாலும் வேறொருவருக்கு விற்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கைடு வரவில்லை, சொன்ன மொழியில் பேசவில்லை, காட்டுவதாகச் சொன்ன கொலோசியத்தின் நிலத்தடிப் பகுதிக்குக் கூட்டிப் போகவில்லை என்றால் கதை வேறு. சந்திக்கும் இடத்தில் நேரம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, அங்கே நின்றுகொண்டே விற்ற தளத்துக்கு எழுத்தில் ஒரு செய்தி. போனில் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் புகார் போடலாம், அதற்குத்தான் இந்தப் போட்டோவும் செய்தியும். தளத்துக்கு வெளியே பணமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் வங்கியில் புகார் போடும் இந்த வழியையும் உங்களிடமிருந்து பறிக்கிறார்கள் என்று அர்த்தம்.

சந்திக்கும் இடம் விஷயத்தில் இன்னொன்று. கொலோசியம் மெட்ரோவை விட்டு வெளியே வந்ததும் எதிரே கட்டிடம் தெரியும், எல்லாரும் அதைப் பார்த்தே நடந்துவிடுவார்கள். பல டூர்கள் கூடுவது மெட்ரோவுக்கு மேலே இருக்கும் லார்கோ கயெத்தானா அக்னேசி என்ற மேடையில். வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரிக் காட்டும், படியேறி மேலே போக வேண்டும் என்று காட்டாது. அரை மணி முன்னால் போய்விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்து டிக்கெட் எடுத்தால் எல்லாம் பார்த்துவிடலாமா?

பதில்: எல்லாம் முடியாது. அந்தப் பெரிய பேருந்துகள் பாந்தியன், நவோனா, ட்ரெவி இருக்கும் சந்துகளுக்குள் நுழையவே முடியாது, இறக்கிவிடும் இடத்திலிருந்து கருங்கல் பாவிய தெருவில் நடக்கத்தான் வேண்டும். ஊரை உட்கார்ந்தபடி ஒரு சுற்றுப் பார்க்க என்றால் எடுங்கள், போக்குவரத்துக்கு என்றால் டாக்ஸி மேல். கை காட்டினால் நிற்பது அபூர்வம், டாக்ஸி நிறுத்தத்துக்குப் போய் ஏறுங்கள், வெள்ளை நிற அதிகாரபூர்வ டாக்ஸி மட்டும். கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஃபோரத்தில் தரை மேடு பள்ளம், அம்மாவை உள்ளே இறக்காமல் மேலே கேப்பிட்டலைன் குன்றின் பின்பக்கத்திலிருந்து காட்டுங்கள், காசில்லாமல் முழுசாகத் தெரியும். அப்புறம் ஸ்பானிஷ் படிக்கட்டில் களைப்பாக இருக்கிறதே என்று உட்கார வைத்துவிடாதீர்கள், 2019-லிருந்து அதற்கு அபராதம்.