ராணுவ உளவுத்துறையில் ஜெனரலாக இருந்தவரே எதிரி நாட்டுக்கு வேலை பார்த்தது உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் திமித்ரி பொல்யாகோவ், சோவியத் ராணுவ உளவுத்துறையான ஜி.ஆர்.யு.வில் மேஜர் ஜெனரல். (கே.ஜி.பி. என்ற இன்னொரு சோவியத் உளவுத்துறை வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஆகவே ஆகாது.)

1921இல் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்து பதக்கமெல்லாம் வாங்கியவர். அப்புறம் உளவுத்துறைக்கு வந்து, நியூயார்க்கில் ஐ.நா. தூதுக்குழு ஆள் என்ற போர்வையில் இருந்தபோது, 1961 கடைசியில் தானாகவே போய் அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யிடம் பேச்சுக் கொடுத்தார். அதிலிருந்து ரங்கூன், மாஸ்கோ, டெல்லி என்று எங்கே மாற்றினாலும் இரண்டு வேலையும் சேர்ந்தே ஓடியது, பதவியும் ஏறிக்கொண்டே போனது. 1974இல் ஜெனரல். நாற்காலி உயர உயரத்தானே மேசைக்கு வரும் ரகசியக் காகிதமும் கூடும், அமெரிக்காவுக்கு அதைவிட என்ன வேண்டும்? சோவியத்தும் சீனாவும் எவ்வளவு தூரம் முறைத்துக்கொண்டிருக்கின்றன என்பது அமெரிக்கர்களுக்குப் புரிந்ததில் இவர் கொடுத்த காகிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பணத்துக்காகத்தான் என்று நினைப்போம். ஆனால் ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல் வாங்கியதில்லையாம், அதிலும் பெரும்பகுதி சாமானாக: பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியின் மின்கருவிகள், தூண்டில், வேட்டைத் துப்பாக்கி. உயிரைப் பணயம் வைத்த மனுஷன் கேட்டது டிரில்லிங் மெஷின்! நியூயார்க்கில் மகனுக்கு உடம்பு மோசமானபோது அங்கேயே சிகிச்சை பார்க்க மேலிடம் சம்மதிக்காமல் பையன் இறந்துபோனதைக் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் நம்பும்படி இருக்கிறது.

டெல்லியில் இவரும் அமெரிக்காவின் வெளிநாட்டு உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் ஆளும் யமுனைக் கரையில் மீன் பிடிப்பது போல உட்கார்ந்து பேசுவார்கள், டேப் ரெக்கார்டர் தூண்டில் கழிக்குள்ளேயே இருக்கும். மாஸ்கோவில் இன்னும் துணிச்சல். அமெரிக்கத் தூதரகத்தைக் கடந்து போகும்போது பைக்குள் இருக்கும் கருவியின் பட்டனை ஒரு அழுத்து, செய்தி போய்விடும்.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் தப்பித்தவரைக் கடைசியில் காட்டிக் கொடுத்தது அமெரிக்கர்களேதான். எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ஹான்சன் 1979இலேயே இவர் பெயரை சோவியத்திடம் விற்றார், 1985இல் சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸும் விற்றார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவரை 1986இல் பிடித்து, 1988 மார்ச்சில் சுட்டார்கள். இது தெரியாமல் அதே ஆண்டு மே மாதம் மாஸ்கோ போன அமெரிக்க அதிபர் ரீகன், அவரை எங்களிடம் கொடுங்கள் என்று சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் கேட்டாராம்.