எதிர்காலக் குழுவுக்கு ஒரு புதிய நாயகர்: கேள்வி பதில்

அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான டிசியின் 'லீஜியன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' 1958 இல் அறிமுகமான, 30 ஆம் நூற்றாண்டில் வாழ்கிற இளைஞர் குழு. அதில் சேரத் தகுந்த ஒரு புதியவரைக் கற்பனை செய்து வரைய விரும்பும் அன்பர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: உடையிலிருந்து தொடங்குவதா, சக்தியிலிருந்து தொடங்குவதா?

இரண்டிலிருந்தும் வேண்டாம், அவர் பிறந்த கோளிலிருந்து தொடங்குங்கள். இக்குழுவின் மேட்டர் ஈட்டர் லேட் என்பவர் இரும்பு, கல் என எதையும் தின்று செரிப்பவர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவருடைய பிஸ்மால் கோளில் நுண்ணுயிர்களால் உணவு முழுவதும் உண்ண முடியாததாகிவிட, அங்குள்ள மக்கள் எதையும் உண்டு வாழும்படி மாறினார்கள் என்று அறிந்தவுடன், அந்தச் சிரிப்புக்குள் ஒரு பஞ்சத்தின் வரலாறு தெரிகிறது. உங்கள் கோளில் எது இல்லை, எது அளவுக்கு மீறி இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். சக்தியும் உடையும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் வரைந்த நாயகருக்கு ஏழு சக்திகள். குறைக்கச் சொன்னால் அழுகிறான்.

பறக்கும் சக்தியை முதலில் அடித்துவிடலாம், ஏனெனில் குழுவினர் அனைவருக்கும் பறப்பதற்கான மோதிரம் வழங்கப்படுகிறது. மீதமுள்ள ஆறையும் ஆறு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லுங்கள். அழுகையும் நிற்கும், ஒரு குழுவும் கிடைக்கும்.

கேள்வி: சக்தி ஒரு கருவியிலிருந்து வரலாமா? நம் இரும்புக்கை மாயாவியை அங்கே சேர்ப்பார்களா?

கருவியை மட்டும் நம்பி வருபவரை இக்குழு ஏற்பதில்லை. சக்தி உடலோடு இருக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல்தான் மறைகிறது என்றாலும், அந்த மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டியிருப்பதால், தேர்வாளர்களிடையே நல்ல வாக்குவாதம் நடக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து ஓவியர்கள் கற்க வேண்டியது வேறு: உடல் முழுவதும் மறைந்தும் அந்த இரும்புக் கை மட்டும் தெரிகிறதே, அந்தக் குறைதான் அவரைப் பல தலைமுறை வாசகர்களின் மனத்தில் நிறுத்தியது. ஆகவே சக்தியை வரைவதற்கு முன் அது எங்கே தோற்கும் என்பதை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் வரைந்தால் எல்லா நாயகர்களும் ஒரே ஆளைப் போலத் தெரிகிறார்கள். என்ன செய்வது?

கட்டைவிரல் நகத்தின் அளவில் பத்துச் சிறு உருவங்களை வரைந்து, உள்ளே எந்தக் கோடும் இல்லாமல் முழுவதும் கறுப்பாக நிரப்புங்கள். நிழலாக நிற்கும்போதே இன்னார் என்று தெரியாதவரைத் தள்ளிவிடலாம். இருபதுக்கும் மேற்பட்டோர் உள்ள குழு சித்திரக்கதையின் ஒரே கட்டத்துக்குள் பறந்து வரும்போது, முகமோ மார்புச் சின்னமோ எவர் கண்ணுக்கும் தெரியாது; தலைமுடி, தோள், மேலங்கி, நிற்கும் விதம் இவைதான் பேசும். அடுத்து, வண்ணங்களை மூன்றுக்குள் நிறுத்துங்கள். தொடக்க ஓவியர்கள் (நானும் அப்படித்தான் இருந்தேன்) இடைவாரில் பத்துப் பைகளை மாட்டுவார்கள். அடுத்த கட்டத்தில் அத்தனையையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும்போதுதான் வருந்துவார்கள்.

கேள்வி: எனக்குப் பதினான்கு வயது. என் கற்பனையைப் பெரியவர்கள் பொருட்படுத்துவார்களா?

ஜிம் ஷூட்டர் பதின்மூன்றாம் வயதில் இக்குழுவுக்குக் கதை எழுதி, கட்டங்களையும் தாமே வரைந்து அனுப்பினார். 1966 இல் அவர் கதை வெளியானபோது கராத்தே கிட், ஃபெரோ லேட் உள்ளிட்ட நான்கு புதியவர்கள் அதில் அறிமுகமானார்கள். மறுக்கப்பட்டாலும் வரைந்த தாளைக் கிழித்துவிடாதீர்கள்: ஓவியர் டேவ் காக்ரம் இக்குழுவை ஒட்டி உருவாக்கிய நீலநிற நைட்கிராலர் அங்கே இடம் பெறாமல் போய், 1975 இல் டிசியின் போட்டி நிறுவனமான மார்வெலின் எக்ஸ்மென் குழுவில் புகழ்பெற்றார்.

கேள்வி: புதியவரைத் தனியாக வரைந்தால் போதாதா?

போதாது. இக்குழுவில் மலையளவு வளரும் கொலாசல் பாய், எறும்பளவு சுருங்கும் ஷ்ரிங்கிங் வயலட் ஆகிய இருவருக்கும் நடுவில் அவரை நிறுத்தி, இன்னொரு படமும் வரையுங்கள். உயரமும் உடல்வாகும் சரியாக அமைந்தனவா என்பது அந்தப் படத்தில்தான் தெரியும்.